உப்பளக் கரையில் ஒரு துறைமுகம்

இலங்கைத் தீவின் தென்கிழக்குக் கரையில் அம்பாந்தோட்டை என்று ஓர் ஊர் உண்டு. கொழும்பிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகச் சென்றால் ஏறக்குறைய 240 கிலோமீட்டர் தூரம். மழை குறைந்த சீமை அது. முட்புதர்க் காடு, மணல்மேடு, உப்பளம், யானை, மயில் ஆகியவையே நெடுங்காலமாக அதன் செல்வங்கள். அத்தகைய எளிய ஊரின் பெயர் இன்று புதுடில்லியிலும் பெய்ஜிங்கிலும் வாஷிங்டனிலும் மந்திரிமார் வாயில் அடிபடுகிறது. அங்கே கட்டப்பட்டுள்ள துறைமுகமே அதற்குக் காரணம்.

நம் சங்கத்தைச் சேர்ந்த நான்கு குடும்பத்தார் சென்ற மாசி மாதத்தில் கதிர்காம யாத்திரை மேற்கொண்டோம். கதிர்காமம் செல்லும் வழியில் அம்பாந்தோட்டை இருக்கிறது. கதிர்காம வேலவனின் பெருமையைச் சொல்லும் நூல்கள் பல உள. அருணகிரிநாதர் திருப்புகழில் அத்தலத்தைப் பாடியிருப்பதும் நேயர்கள் அறிந்ததே. ஆதலால் தலப் பெருமையைச் சுருக்கமாகக் கூறி, வழியில் கண்ட துறைமுகத்தைப் பற்றி இங்கே விரித்தெழுத எண்ணினோம். மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் பிழைப்பின் பொருட்டு வாழும் நமக்கு இது வெறும் அயல்நாட்டுச் செய்தி அன்று. நம்மிற் பலருடைய பெற்றோரும் உடன்பிறந்தாரும் தூத்துக்குடியிலும் இராமநாதபுரத்திலும் நாகர்கோவிலிலும் அதே கடலை நோக்கிய கரையில்தான் வாழ்கின்றனர்.

இரு கடனில் ஒரு சாலை

கொழும்பை அடுத்த கொட்டாவையில் தெற்கு அதிவேகச் சாலை தொடங்குகிறது. 2011 நவம்பரில் அது காலி வரை திறக்கப்பட்டது. 2014 இல் மாத்தறை வரை நீண்டது. 2020 பிப்ரவரியில் அம்பாந்தோட்டையை எட்டியது. முன்பு கடற்கரைச் சாலையில் ஒரு பகற்பொழுதை விழுங்கிய பிரயாணம் இப்போது மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இருபுறமும் நெல்வயல், ரப்பர்த் தோட்டம், இலவங்கத் தோட்டம் என்று பசுமை கண்ணை நிறைக்கிறது. மாத்தறையைத் தாண்டியதும் பசுமை மெல்ல மெல்ல வற்றி, வறண்ட காடு தலைகாட்டுகிறது.

இச்சாலையைப் பற்றி ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. காலி வரையுள்ள பகுதி ஆசிய வளர்ச்சி வங்கியும் ஜப்பானும் கொடுத்த கடனால் ஆனது. மாத்தறைக்கு அப்பாலுள்ள பகுதி சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனால் ஆனது. எங்கள் வண்டியை ஓட்டி வந்தவர் மலைநாட்டுத் தமிழ் இளைஞர். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சாலையின் எந்தப் பகுதி யாருடைய பணம் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டு அவர் சிரித்தார். “ஓடும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது, ஐயா. கட்டணம் கொடுக்கும்போதும் தெரியாது. கடனைத் திருப்பிக் கட்ட அரிசி விலையும் பெட்ரோல் விலையும் ஏறும்போதுதான் எங்களுக்குத் தெரியும்” என்றார். 2022 ஆம் ஆண்டில் பெட்ரோலுக்காக இரண்டு இரவும் ஒரு பகலும் வரிசையில் வண்டிக்குள்ளேயே படுத்திருந்தவர் அவர். பொருளாதார நூல்கள் பல பக்கங்களில் கூறுவதை அவர் மூன்று வாக்கியங்களில் கூறிவிட்டதாக எங்களுக்குத் தோன்றிற்று.

பழைய அம்பாந்தோட்டை

அம்பாந்தோட்டை என்னும் பெயர் ‘சம்பான்’ என்ற படகின் பெயரிலிருந்து வந்தது என்பர். சம்பான்கள் வந்து தங்கிய தோட்டை, அதாவது துறை, என்பது பொருள். கீழ்த்திசைத் தீவுகளிலிருந்து வந்த மலாய் மரபினர் இன்றும் அவ்வூரில் வாழ்கின்றனர். கடைத்தெருவில் சிங்களம் பேசிய முஸ்லிம் வியாபாரி ஒருவர், எங்கள் பேச்சைக் கேட்டவுடன் தமிழுக்கு மாறி, “எந்த ஊர், ஐயா?” என்று விசாரித்தார். தென்னிலங்கையின் கடைசி முனையில் தமிழ் காதில் விழுந்தது எங்கள் வீட்டுப் பெண்மணிகளுக்குப் பெருமகிழ்ச்சி.

1908 முதல் 1911 வரை லெனார்ட் வுல்ப் என்னும் ஆங்கிலேயர் இம்மாவட்டத்தின் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். உப்பு எடுப்பதை மேற்பார்ப்பது அவர் வேலைகளுள் ஒன்று. இங்கிலாந்து திரும்பிய பின் 1913 இல் அவர் வெளியிட்ட நாவல் இச்சீமைக் காட்டுக் கிராமம் ஒன்றின் கதையைக் கூறுகிறது. விளைச்சல் பொய்த்த குடியானவன் ஊர்த் தலைவனிடமும் வியாபாரியிடமும் கடன்பட்டு, அக்கடனாலேயே தன் சொற்படி நடக்கும் உரிமையை இழந்து போவதே அதன் கதைப்போக்கில் பெரும் பகுதி. நூறு ஆண்டுகளுக்குப் பின் அதே மண்ணில் ஒரு நாட்டின் கடனைப் பற்றி உலகம் பேச நேர்ந்தது விந்தைதான்.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, வாரச் சந்தை கூடியிருந்த காலைப்பொழுதில் ஆழிப்பேரலை இவ்வூரை அழித்தது. மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நம் நாகப்பட்டினமும் கடலூரும் அழுத அதே நாள் அது. இன்று கடற்கரை ஓரத்தில் நடந்தால், வீடுகள் இருந்த இடங்களில் வெற்றிடங்களும் நினைவுச் சின்னமும் காணப்படுகின்றன. அழிந்த ஊரை எழுப்ப வேண்டும் என்ற ஏக்கம் மக்களுக்கு இருந்தது. அவ்வேக்கத்தை மறந்துவிட்டுத் துறைமுகத்தின் கதையைச் சொல்வது நியாயமாகாது.

துறைமுகம் எழுந்த வரலாறு

இங்கே துறைமுகம் வேண்டும் என்ற எண்ணம் சீனருடையது அன்று. அது இலங்கையரின் பழைய கனவு. தெற்கே சுமார் பத்துக் கடல் மைல் தூரத்தில் ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் பெரிய கப்பல் வழி செல்கிறது. அவ்வழியே செல்லும் கப்பல்களுக்கு எண்ணெயும் தண்ணீரும் கொடுத்தாலே ஊர் பிழைத்துக்கொள்ளும் என்று பலர் நினைத்தனர். கனடா தேசத்துக் கம்பெனி ஒன்றும், பின்னர் டென்மார்க் தேசத்துக் கம்பெனி ஒன்றும் சாத்தியக்கூறுகளை ஆராய்ந்து அறிக்கை தந்தன.

2005 நவம்பரில் மகிந்த ராஜபக்ச ஜனாதிபதியானார். அம்பாந்தோட்டை அவருடைய சொந்த மாவட்டம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த அக்காலத்தில் கடன் கொடுக்க முன்வந்தது சீனா. 2008 ஜனவரியில் வேலை தொடங்கியது. கரையோர உப்பேரி ஒன்றைத் தோண்டி, கடலை நிலத்துக்குள் அழைத்து, 17 மீட்டர் ஆழமுள்ள துறைமுகம் அமைத்தனர். முதற்கட்டச் செலவு சுமார் 36 கோடி டாலர். அதில் 30 கோடியே 70 இலட்சம் டாலரைச் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி நூற்றுக்கு 6.3 வட்டிக்குக் கொடுத்தது. கட்டியவர்களும் சீனக் கம்பெனியாரே. 2010 நவம்பரில் திறப்பு விழா ஆடம்பரமாக நடந்தது. நுழைவாயிலில் பெரும்பாறை ஒன்று பெரிய கப்பல்களுக்குத் தடையாக நின்றது பின்பு பெரிதாகப் பேசப்பட்டு, அதை உடைக்க மேலும் பணம் செலவாயிற்று. ஆழம் அறியாமல் காலை விடாதே என்று நம் பெரியோர் சொன்னது கப்பலுக்கும் பொருந்தும் போலும்.

விழா முடிந்தது, கப்பல்கள் வரவில்லை. 2012 ஆம் ஆண்டு முழுவதிலும் இத்துறைக்கு வந்த கப்பல்கள் 34 தாம். அதே ஆண்டில் கொழும்புக்கு வந்தவை மூவாயிரத்து அறுநூறுக்கு மேல். இருந்தும் அவ்வாண்டிலேயே இரண்டாம் கட்டத்துக்கென மேலும் கடன் வாங்கப்பட்டது. அருகில் மத்தளை என்னுமிடத்தில் 2013 மார்ச்சில் ஒரு சர்வதேச விமான நிலையமும் திறக்கப்பட்டது. அதற்கும் சீனக் கடனே பெரும்பகுதி. மூன்றரைக் கிலோமீட்டர் நீள ஓடுபாதை அங்கே உண்டு, விமானந்தான் அரிது. ஒரு சமயம் அதன் சரக்குக் கிடங்குகளில் நெல் மூட்டைகளை அடுக்கி வைத்தார்கள். நாங்கள் அதன் வாயில் வரை சென்று பார்த்தோம். விசாலமான சாலை, விளக்குக் கம்பங்கள் வரிசையாக நின்றன, போவோர் வருவோர் இல்லை. சாலையின் நடுவே ஒரு மயில் நிதானமாக நடந்து போயிற்று. குழந்தைகள் அதைக் கண்டு கைகொட்டினர்.

ஒத்திக்கு விட்ட நிலம்

துறைமுகத்துக்குள் செல்ல முன் அனுமதி வேண்டும். ஆகவே வெளிச்சாலையில் நின்றபடியே பார்த்தோம். உயர்ந்த பாரந்தூக்கிகள், எண்ணெய்த் தொட்டிகள், தூரத்தில் ஏழெட்டு மாடி வீடு போன்ற மோட்டார் வண்டிக் கப்பல் ஒன்று. இந்தியா, ஜப்பான், கொரியா முதலிய நாடுகளிற் செய்த வண்டிகள் இங்கே இறக்கப்பட்டு வேறு கப்பல்களில் ஏற்றப்படுகின்றன. ஆகவே இப்போது துறைமுகம் வெறுமையாகக் கிடக்கிறது என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதை நடத்துவோர் வேறு.

2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. புதிய அரசினர் கணக்கைத் திறந்து பார்த்தபோது நாட்டின் வெளிநாட்டுக் கடன் மலைபோல் நின்றது. நீண்ட பேரத்துக்குப் பின் 2017 ஜூலை 29 ஆம் நாள் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி சைனா மெர்ச்சண்ட்ஸ் போர்ட் என்னும் கம்பெனி 112 கோடி டாலர் கொடுத்து, துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. மொத்தப் பங்கில் சுமார் 70 சதவிகிதம் சீனக் கம்பெனிக்கு; மீதி இலங்கைத் துறைமுக அதிகார சபைக்கு. அவ்வாண்டு டிசம்பரில் துறைமுகம் ஒப்படைக்கப்பட்டது.

இதைக் குறித்துப் பலரும் ஒரு தவறான எண்ணம் கொண்டிருக்கின்றனர். கடனைக் கட்ட முடியாமற் போகவே சீனா துறைமுகத்தைப் பறித்துக்கொண்டது என்பது அது. உண்மை சற்று வேறு. நம் கிராமங்களில் நிலத்தை ஒத்திக்கு விடுவது உண்டு. இலங்கை தன் துறைமுகத்தை ஒத்திக்கு விட்டுப் பெற்ற பணத்தைத் துறைமுகக் கடனுக்குக் கட்டவில்லை. வற்றிப்போன அந்நியச் செலாவணிக் கையிருப்பை நிரப்பவும் பிற கடன்களைச் சமாளிக்கவும் அது பயன்பட்டது. துறைமுகத்துக்காக வாங்கிய கடன் அப்படியே அரசின் தலையில் நின்றது. நாட்டின் கடன்களுள் மிகப் பெரிய பகுதி சீனாவுக்குரியதும் அன்று. மேல்நாட்டுச் சந்தைகளில் கடன் பத்திரங்களை விற்று வாங்கியதே பெரிது. 2022 ஏப்ரல் 12 ஆம் நாள் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தபோது, அக்கடன்களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தே நாட்டை அமிழ்த்தியிருந்தன.

ஆயினும் ஒத்தி ஒத்திதான். நிலத்தில் கால் வைத்தவன் வரப்பையும் பார்ப்பான், கிணற்றையும் பார்ப்பான். துறைமுகத்தை ஒட்டிச் சுமார் 15,000 ஏக்கரில் தொழிற்பேட்டை அமைக்கும் திட்டம் வந்தபோது, 2017 ஜனவரியில் அம்பாந்தோட்டைக் குடியானவர்களும் பௌத்த பிக்குகளும் தெருவில் இறங்கி எதிர்த்தனர். தம் வயலும் வீடும் போய்விடும் என்று அவர்கள் அஞ்சினர். அவர்களுக்கு இந்தியாவும் தெரியாது, சீனாவும் தெரியாது. தங்கள் நிலம் தெரியும்.

இந்தத் தொண்ணூற்றொன்பது என்னும் எண்ணில் சரித்திரத்தின் கேலி ஒன்று ஒளிந்திருக்கிறது. 1898 இல் பிரிட்டிஷார் ஹாங்காங்கை அடுத்த நிலப்பகுதியைச் சீனாவிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கே பெற்றனர். 1997 வரை சீனர் அதைத் தம் அவமானமாகக் கருதினர். அந்த வேதனையை அறிந்த நாடே அயல்நாட்டில் அதே எண்ணை எழுதிக் கையெழுத்திட்டது.

கப்பல் என்ன செய்யும்?

“துறைமுகத்தை யார் நடத்தினால் நமக்கென்ன? சாமான் ஏற்றி இறக்கினால் நல்லதுதானே?” என்று எங்களுடன் வந்த மூத்த அம்மையார் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. அதற்கு விடையாக நாங்கள் அறிந்தவற்றை இங்கே கூறுகிறோம்.

போர்க்கப்பல் ஒன்று தன் தாய்நாட்டிலிருந்து பல ஆயிரம் மைல் தள்ளி வந்து நெடுநாள் தங்க வேண்டுமானால், அதற்கு எண்ணெய், நன்னீர், உணவு, பழுது பார்க்கும் இடம், மாலுமிகளுக்கு ஓய்வு ஆகியவை வேண்டும். இவற்றைத் தரும் துறை ஒன்று அருகில் இருந்தால், பீரங்கி ஒன்றையும் நடாமலே அக்கடலில் அந்நாட்டின் கை நீண்டுவிடும். வியாபாரத்துக்கென்று ஆழமாகத் தோண்டிய துறை போர்க்கப்பலுக்கும் ஆழமானதே.

2014 செப்டம்பரில் சீன நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று கொழும்பில் வந்து நின்றது. சில வாரங்களுக்குப் பின் மற்றொன்றும் வந்தது. அவை நின்ற இடம் இலங்கைக் கடற்படையார் வழக்கமாகக் காட்டும் துறை அன்று. சீனக் கம்பெனி நடத்தும் சரக்குத் துறை. புதுடில்லி தன் கவலையைத் தெரிவித்தது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் இலங்கை சென்றிருந்த சமயத்தில் மற்றொரு சீன நீர்மூழ்கிக்கு அனுமதி கேட்கப்பட்டபோது, இலங்கை மறுத்துவிட்டது.

பின்பு 2022 ஆகஸ்டில் ‘யுவான் வாங் 5’ என்னும் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. பெரிய பெரிய கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற அலைவாங்கிகளைத் தாங்கிய கப்பல் அது. செயற்கைக் கோள்களையும் நெடுந்தூர ஏவுகணைகளையும் பின்தொடர்ந்து கண்காணிக்க வல்லது. கன்னியாகுமரிக்கும் அம்பாந்தோட்டைக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 450 கிலோமீட்டர்தான். நம் தென்கரையில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் நிலையம் இருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆகவே இந்தியா அஞ்சியதில் வியப்பில்லை.

அந்தச் சமயத்தில் இலங்கையின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே வெளியேறிவிட்டார். கஜானா காலி. உணவுக்கும் எண்ணெய்க்கும் மருந்துக்கும் இந்தியா அவ்வாண்டில் சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவி புரிந்துகொண்டிருந்தது. கடனை மாற்றியமைக்கச் சீனாவின் சம்மதமும் வேண்டியிருந்தது. முதலில் கப்பலை ஒத்திப்போடும்படி இலங்கை வேண்டிற்று, பின்னர் இணங்கிற்று. நாட்டின் கடல் எல்லைக்குள் ஆராய்ச்சி கூடாது என்ற நிபந்தனையோடு ஆகஸ்டு 16 முதல் 22 வரை கப்பல் அங்கே நின்றது. கடன்பட்டவனுக்கு ‘வேண்டாம்’ என்ற சொல் எளிதில் வாயில் வராது என்பதை உலகம் அன்று கண்டது. பாதுகாப்பு அபாயம் என்று அறிஞர் கூறுவதன் உட்பொருள் பெரும்பாலும் இதுவே.

கடலாராய்ச்சிக் கப்பல்களாலும் இத்தகைய ஐயம் எழுகிறது. கடலடித் தரையின் அமைப்பு, நீரின் வெப்பம், உப்பின் அளவு ஆகியவற்றை அளப்பது மீன்வளத்துக்கும் பயன்படும். நீருக்குள் ஒலி எவ்வாறு செல்லும் என்று அறிந்து நீர்மூழ்கியை மறைக்கவும் தேடவும் பயன்படும். ஒரே அளவு இரண்டு வேலைக்கு உதவுவதால்தான் சண்டை வருகிறது. இந்தியாவின் கவலையைக் கண்ட இலங்கை, 2024 ஜனவரி முதல் ஓராண்டுக்கு அயல்நாட்டு ஆராய்ச்சிக் கப்பல்கள் எவையும் வரலாகாது என்று பொதுவாகத் தடை விதித்தது.

இலங்கை ஒன்றும் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். துறைமுகத்தின் பாதுகாப்பைத் தன் கடற்படையிடமே வைத்துக்கொண்டதாக அது கூறியது. கடற்படையின் தென்பிராந்தியத் தலைமையகத்தைக் காலியிலிருந்து அம்பாந்தோட்டைக்கு மாற்றும் முடிவை 2018 இல் அறிவித்தது. 2024 டிசம்பரில் புதுடில்லி வந்த ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, இந்தியாவின் நலனுக்கு ஊறு செய்யத் தம் மண்ணைப் பயன்படுத்த விடுவதில்லை என்று உறுதி கூறினார். அடுத்த மாதமே பெய்ஜிங் சென்று, அம்பாந்தோட்டையில் 370 கோடி டாலர் செலவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அமைக்கச் சீனக் கம்பெனியோடு ஒப்பந்தம் நிகழ்வித்தார். சிறிய நாடு பெரிய நாடுகளுக்கு நடுவே வாழும் வகை அதுதான். அதைக் குறை கூறிப் பயனில்லை.

நம் கரையின் பழைய பாடம்

அயலார்க்குக் கரையில் இடம் கொடுப்பது என்ன என்பதைத் தமிழ்நாட்டைவிட நன்றாக அறிந்த நாடு எது? 1620 இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்க்கு இடம் தந்தார். 1639 இல் தாமரல வேங்கடாத்திரி நாயக்கர் ஆங்கிலக் கம்பெனிக்கு ஒரு மணல் திட்டைக் கொடுத்தார். கொடுத்தவர் வியாபாரம் பெருகும் என்று நம்பினர். குதிரையும் வெள்ளியும் வரும் என்று எதிர்பார்த்தனர். வந்தவர் முதலில் கட்டியது கிடங்கு. கிடங்கைக் காக்கக் கோட்டை. கோட்டையைக் காக்கப் படை. அந்த மணல் திட்டே இன்றைய சென்னை.

இன்று அப்படியே நடக்கும் என்று நாங்கள் கூறவில்லை. நாயக்கருக்குக் கடற்படை இல்லை, இலங்கைக்கு உண்டு. அன்று குடிகளைக் கேட்பார் இல்லை. இன்று வாக்குச் சீட்டு உண்டு. 2015 இலும் 2022 இலும் 2024 இலும் இலங்கை மக்கள் தம் ஆட்சியாளரை மாற்றிக் காட்டிவிட்டனர். ஆனால் குத்தகைப் பத்திரத்தைப் படிக்கும்போது பணத் தொகையோடு நின்றுவிடாமல், ஆண்டையும் எல்லையையும் காவலையும் பற்றிய வரிகளைப் படிக்க வேண்டும் என்ற பாடம் மட்டும் மாறவில்லை.

வடக்குத் தீவுகளின் கதை

இதில் தமிழ் மக்கள் நேராகச் சிக்கிக்கொண்ட ஒரு கதையும் உண்டு. யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் டீசல் எந்திரங்களை நம்பி வாழ்பவை. காற்றாலும் வெயிலாலும் அவற்றுக்கு மின்சாரம் அளிக்கும் திட்டம் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு வகுக்கப்பட்டது. 2021 ஜனவரியில் அவ்வேலை ஒரு சீனக் கம்பெனிக்குக் கிடைத்தது. நெடுந்தீவு நம் இராமேசுவரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இந்தியா எதிர்த்தது, தானே நன்கொடையாகச் செய்து தருவதாகவும் கூறியது. அவ்வாண்டு டிசம்பரில் மூன்றாம் நாடொன்றின் பாதுகாப்புக் கவலையைக் காரணமாகக் கூறி வேலையை நிறுத்திக்கொண்டதாகச் சீனத் தரப்பு அறிவித்தது. இந்தியா 1 கோடியே 10 இலட்சம் டாலர் நன்கொடை தந்து, பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் மூலம் அவ்வேலையைச் செய்ய ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 மார்ச்சில்.

இந்தியாவின் கவலை நியாயமானதே. கம்பெனி எதுவாயினும், பாக் நீரிணையை நோக்கிய தீவில் அயல்நாட்டார் கோபுரம் நாட்டுவது சிறு விஷயம் அன்று. ஆனால் இரண்டு பெரிய நாடுகள் வாதாடிய அந்த மூன்றாண்டிலும் டீசல் புகையில் படித்த பிள்ளைகள் நெடுந்தீவுத் தமிழ்ப் பிள்ளைகள். வேண்டாம் என்று தடுப்பது பாதி வேலை. தடுத்ததற்கு மாற்றாக நல்லதை விரைந்து செய்து தருவது மறுபாதி.

இந்தியா அவ்வாறு செய்த பணிகளும் உண்டு. போரில் சிதைந்த வடக்கு ரயில் பாதையை இந்திய அரசின் நிறுவனம் மீண்டும் அமைத்துக் கொடுத்தது. 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் சேர்ந்தபோது நிலையத்தில் திரண்ட கூட்டத்தைப் பலரும் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கின்றனர். திருகோணமலை எண்ணெய்த் தொட்டிகளிலும் கொழும்பு மேற்குச் சரக்குத் துறையிலும் இந்தியருக்குப் பங்கு உண்டு. ஆனால் சிங்களத் தொழிலாளர் பலர் நம்மையும் அதே ஐயக் கண்ணால் பார்க்கின்றனர். கொழும்புக் கிழக்குத் துறையை இந்தியாவோடும் ஜப்பானோடும் சேர்ந்து நடத்தச் செய்த உடன்பாட்டைத் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் இலங்கை 2021 பிப்ரவரியில் கைவிட்டது. சீனரைப் பற்றி நாம் கேட்கும் கேள்விகளை அவர்கள் நம்மைப் பற்றியும் கேட்பார்கள். அதற்கு வருந்தக் கூடாது. ஒளிவு மறைவில்லாத ஒப்பந்தத்தால் விடை கூற வேண்டும்.

தயிர்க்கடையும் கதிர்காமமும்

அம்பாந்தோட்டையிலிருந்து திஸ்ஸமகாராமை செல்லும் சாலையில் எருமைத் தயிர்க் கடைகள் வரிசையாக உள்ளன. மண்சட்டியில் உறைந்த தயிரைக் கவிழ்த்தாலும் கொட்டாது. கித்துள் பனையின் பாணியை அதன்மேல் ஊற்றித் தருகிறார்கள். கடைக்காரச் சிங்களப் பெண்மணியிடம் துறைமுகத்தால் என்ன நன்மை என்று எங்கள் ஓட்டுநர் மூலம் கேட்டோம். “சாலை நல்ல சாலை. மகன் படித்துவிட்டுத் துறைமுகத்தில் வேலை கேட்டான்; கிடைக்கவில்லை; கொழும்புக்குப் போய்விட்டான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது, அவன் வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டான்” என்றார். நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்று ஒரே சொல்லில் அடக்க முடியாத விஷயம் இது என்பதை அந்த அம்மையார் விளக்கிவிட்டார்.

மாலையில் கதிர்காமம் சேர்ந்தோம். மாணிக்க கங்கையில் நீராடி, பழத்தட்டோடு சந்நிதிக்குச் சென்றோம். அங்கே மூலவர் திருவுருவம் கண்ணுக்குத் தெரிவதில்லை, திரைச்சீலையே தரிசனம். வாயைத் துணியால் கட்டிய சிங்களப் பூசகர் வழிபாடு நடத்துகிறார். தமிழர் ‘அரோகரா’ என்கின்றனர். சிங்களர் ‘சாது’ என்கின்றனர். அருகிலேயே முஸ்லிம்களின் பள்ளிவாசலும் இருக்கிறது. எந்த மொழியார் எந்த வரிசையில் நிற்பது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

யாத்திரை செல்ல விரும்பும் அன்பர்களுக்கு ஒரு சொல். ஆடித் திருவிழாக் காலத்தில் கூட்டம் மிகுதி. குழந்தைகளோடு செல்வோர் மாசி, பங்குனியில் செல்வது நலம். போகும் வழியில் ஒரு மணி நேரம் அம்பாந்தோட்டையில் இறங்கிப் பார்க்க வேண்டும். வளர்ந்த பிள்ளைகளுக்கு அத்துறைமுகத்தைக் காட்டி, அயல்நாட்டார் பணத்தில் எழும் எந்தப் பணிக்கும் நான்கு கேள்விகள் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். அப்பணி தன் செலவைத் தானே ஈட்டுமா? ஒப்பந்தம் மக்கள் பார்வைக்கு வந்ததா? எத்தனை ஆண்டு, எவ்வளவு நிலம்? வாயிற்கதவின் சாவி யார் கையில்? கடன் கொடுப்பவன் சீனனாயினும் ஜப்பானியனாயினும் இந்தியனாயினும் இக்கேள்விகள் மாறா. இலங்கை வலிவோடும் கடனின்றியும் வாழ்ந்தால் அதன் துறைகளைப் பற்றி நாம் அஞ்ச வேண்டிய நாள்கள் குறையும். அவ்வாறு வாழ நம் நாடு துணை நிற்க வேண்டும் என்பதே கதிர்காமத்துச் சந்நிதியில் நாங்கள் வைத்த வேண்டுதல்களுள் ஒன்று.